பெருந்தொற்றுக் காலத்தில் ஒரு பகுதி மக்கள் இணையத்தில் விட்டுச் சென்ற பதிவுகளைக் காப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவிட்-19 ஒரு பெருந்தொற்று என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது 2020 மார்ச் 11 அன்று. சர்வதேச அவசரநிலை முடிந்தது என்று அறிவித்தது 2023 மே 5 அன்று. இடைப்பட்ட காலத்தில் எந்த மருத்துவமனையில் படுக்கை காலி, யார் வீட்டுக்கு மருந்து வேண்டும், எந்தத் தெரு அடைக்கப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் வாட்ஸ்அப்பிலும் கூகுள் ஷீட்டிலும் முகநூலிலும்தான் ஓடியது. அவற்றைத் தங்கள் பகுதிக்காகச் சேர்த்து வைக்க நினைக்கும் நூலகர்கள், ஆசிரியர்கள், தன்னார்வலர்கள் எல்லோரும் கேட்கும் கேள்விகள் இவை. பதில்களில் என் சொந்தக் கருத்தும் கலந்திருக்கிறது.

இதையெல்லாம் அரசும் பத்திரிகைகளும் வைத்திருக்குமே, நாம் எதற்கு?

வைத்திருப்பார்கள், அவரவர் வெளியிட்டதை. பெரிய நூலகங்களும் சும்மா இருக்கவில்லை. பல நாட்டு தேசிய நூலகங்கள் சேர்ந்து 2003-ல் தொடங்கிய சர்வதேச இணையப் பாதுகாப்புக் கூட்டமைப்பு, 2020 பிப்ரவரியிலேயே கொரோனா தொடர்பான வலைப்பக்கங்களைத் திரட்ட ஆரம்பித்துவிட்டது. ஆனால் இப்படிப்பட்ட திரட்டில் சிக்குவது அரசுத் தளங்கள், செய்தித் தளங்கள், பெரிய அமைப்புகளின் பக்கங்கள். ஒரு குடியிருப்பில் நாலு பேர் சேர்ந்து நடத்திய உதவிப் பட்டியல் அதில் வராது. அப்படி ஒன்று இருந்ததே வெளியாருக்குத் தெரியாது.

1918 இன்ஃபுளுவென்சாவை நினைத்துப் பாருங்கள். இறந்தவர்கள் சுமார் 5 கோடி என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. சாதாரணக் குடும்பங்கள் அந்த மாதங்களை எப்படிக் கடத்தின என்பதற்கோ அந்த அளவுக்குச் சாட்சியம் இல்லை. 1970களில் ரிச்சர்ட் காலியர் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர், அதைக் கண்டு உயிரோடு இருந்தவர்களிடம் அனுபவங்களைக் கடிதமாகக் கேட்டு வாங்கினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்தன. இன்று அவை லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அரை நூற்றாண்டு கழித்து, முதியவர்களின் நினைவிலிருந்து திரட்டியவை. நம் காலத்துக்காரர்கள் அன்றன்றைக்கே எழுதி வைத்துவிட்டார்கள். எழுதிய இடம்தான் நிலையில்லாதது.

இணையத்தில் போட்டது எங்கே போய்விடும்? அங்கேயே கிடக்காதா?

கிடக்காது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013-ல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்து ஆண்டுகளில் காணாமல் போயிருந்தன. பெருந்தொற்றுப் பதிவுகளுக்கு இதைவிட மோசமான சில ஆபத்துகள் உண்டு.

கூகுள் 2023 டிசம்பரிலிருந்து, இரண்டு ஆண்டுகள் யாரும் உள்ளே நுழையாத தனிநபர் கணக்குகளை அழிக்கத் தொடங்கியது. கணக்கு போனால் டிரைவில் உள்ள ஷீட், ஃபார்ம், படங்கள் எல்லாம் சேர்ந்து போகும். 2020-ல் உதவிப் பணிக்கென்றே ஒரு புது ஜிமெயில் திறந்து, வேலை முடிந்ததும் கடவுச்சொல்லையே மறந்துவிட்ட குழுக்கள் ஏராளம். அந்தக் கணக்குகள் இப்போது இருக்கின்றனவா என்று உடனே பாருங்கள்.

முகநூல் 2025 பிப்ரவரியில் நேரலை வீடியோக்களை இனி 30 நாட்கள்தான் வைத்திருப்போம் என்றது. பழைய நேரலைகளைத் தரவிறக்கிக்கொள்ளக் கால அவகாசம் கொடுத்துவிட்டு அழிக்கத் தொடங்கியது. உள்ளூர் அதிகாரிகளின் தினசரி விளக்கங்கள், வழிபாடுகள், இறுதிச் சடங்குகள் என்று எத்தனையோ அந்த நேரலைகளில்தான் இருந்தன. இன்ஸ்டாகிராம் ஸ்டோரிக்கோ ஆயுளே 24 மணி நேரம். வாட்ஸ்அப்பில் தானாக மறையும் செய்திகள் 2020 நவம்பரில் வந்தன.

அப்புறம் சேவையே மூடப்படுவது. யாகூ குரூப்ஸ் என்ற மின்னஞ்சல் குழுச் சேவை மூடப்பட்டது பெருந்தொற்றின் நடுவில், 2020 டிசம்பரில். தன்னார்வலர்கள் தனியாக வாங்கிய தள முகவரிகளை யாரும் புதுப்பிக்காமல் விட, வேறு யாரோ வாங்கிச் சூதாட்ட விளம்பரம் போடுவதும் சகஜம்.

அப்படியென்றால் முதலில் எதை எடுப்பது?

முக்கியமானதை முதலில் எடுக்கத்தான் கை போகும். அதைவிட, சீக்கிரம் அழியக்கூடியதை முதலில் எடுங்கள். அரசு ஆணை அடுத்த வருடமும் எங்காவது கிடைக்கும். தனி ஆள் ஒருவரின் கணக்கில் உள்ள ஷீட், மூடிய குழுவின் உரையாடல், ஒருவர் கைபேசியில் மட்டும் உள்ள குரல் செய்தி, தள முகவரிக்கு அடுத்த மாதம் கெடு முடிகிற சிறிய வலைத்தளம் ஆகியவைதான் வரிசையில் முன்னால் நிற்க வேண்டும். எது யார் கையில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் போதாதா?

ஒன்றுமே இல்லாததற்கு அது எவ்வளவோ மேல். அமெரிக்காவில் தன்னார்வலர்கள் நடத்திய கோவிட் டிராக்கிங் புராஜெக்ட், மாநில சுகாதாரத் துறைகளின் பக்கங்களை எண்களாகக் குறித்துக்கொண்டதோடு ஸ்கிரீன்ஷாட்டாகவும் பிடித்து வைத்தது. எந்த எண்ணை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. அவர்கள் 2021 மார்ச் 7-ஆம் தேதியோடு தரவு திரட்டுவதை நிறுத்தினார்கள். ஆவணங்கள் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக நூலகத்திடம் போயின.

ஆனால் ஸ்கிரீன்ஷாட்டில் இணைப்புகளைச் சொடுக்க முடியாது, எழுத்தைத் தேட முடியாது, முகவரிப் பட்டை தெரியாவிட்டால் எந்தப் பக்கம் என்பதே தெரியாது. திருத்துவதும் எளிது. எனவே பக்கத்தை முழுதாகவும் பிடியுங்கள். இதற்கென்று ஒரு கோப்பு வடிவம் இருக்கிறது: வார்க். 2009-ல் ஐஎஸ்ஓ 28500 என்ற தரநிலையானது. உலகத்தின் பெரிய இணையக் காப்பகங்கள் எல்லாம் இதைத்தான் பயன்படுத்துகின்றன. பக்கத்தோடு அதன் படங்கள், எழுத்துருக்கள், சர்வர் அனுப்பிய பதில், பிடித்த நேரம் எல்லாம் சேர்ந்து பதிவாகும். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. குரோமில் ஆர்க்கைவ்வெப்.பேஜ் என்ற இலவச நீட்சியை (எக்ஸ்டென்ஷன்) நிறுவி, பதிவைத் தொடங்கிவிட்டு, பக்கத்தை வழக்கம்போல மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாலே போதும். நீங்கள் திறந்து பார்த்த அளவுக்குத்தான் அது பிடிக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். "மேலும் காட்டு" என்பதை அழுத்தாவிட்டால் அதற்குக் கீழே உள்ளது பதிவாகாது.

வேபேக் மெஷினில் சேமித்துவிட்டால் முடிந்ததா?

வேபேக் மெஷின் என்பது இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமைப்பு நடத்தும் இணையக் காப்பகம். பொதுவில் உள்ள பக்கங்களுக்கு அதுதான் மிக விரைவான வழி. முகவரியை ஒட்டி, சேவ் பேஜ் நவ் கொடுத்தால் ஆயிற்று. இலவசக் கணக்கு ஒன்று இருந்தால் அந்தப் பக்கத்திலிருந்து போகும் இணைப்புகளையும் சேர்த்துச் சேமிக்கலாம்.

ஆனால் உள்நுழைந்து பார்க்க வேண்டிய எதையும் அது எடுக்காது. ஊடாடும் வரைபடங்களும் அன்றாட எண்ணிக்கைப் பலகைகளும் பல சமயம் வெறும் சட்டகமாக மட்டுமே பதிவாகியிருக்கும். சேமித்தபின் திறந்து பாருங்கள். பார்க்காமல் "சேமித்தாயிற்று" என்று எழுதி வைத்த பட்டியல்களை நம்ப முடியாது. இன்னொன்று, 2024 அக்டோபரில் இன்டர்நெட் ஆர்க்கைவ் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகிச் சில நாட்கள் முடங்கியது. சேமித்த பக்கங்கள் தப்பித்தன. இருந்தாலும் ஒரே இடத்தை நம்பக் கூடாது என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம்.

குறுமுகவரிகளையும் கவனியுங்கள். பெருந்தொற்றுக் காலத்து அறிவிப்புப் படங்களில் முழு முகவரிக்குப் பதில் சுருக்கிய முகவரிதான் இருக்கும். சுருக்கித் தந்த சேவை நின்றால், அது எங்கே போனது என்பதைக் கண்டுபிடிக்க வழியில்லை. இப்போதே திறந்து, உண்மையான முகவரியைப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

எங்களிடம் இருப்பது வலைத்தளம் இல்லை, ஒரு கூகுள் ஷீட்தான். அதைத் தரவிறக்கினால் போதுமா?

தரவிறக்கினால் கடைசி நிலை மட்டும் வரும். ஆனால் அந்த ஷீட்டின் உயிரே அது மாறியதில்தான் இருக்கிறது. காலையில் பச்சையாக இருந்த வரி மதியம் சிவப்பானது, ஒரு பெயருக்கு எதிரே "கிடைத்துவிட்டது" என்று எழுதியது, இன்னொரு பெயருக்கு எதிரே "இனி தேவையில்லை" என்று எழுதியது. இந்த மாற்ற வரலாறு தரவிறக்கிய கோப்பில் வராது. எனவே மாற்ற வரலாற்றைத் திறந்து, முக்கியமான நாட்களின் நிலைகளைத் தனித்தனிப் பிரதிகளாக எடுங்கள். யார் எதைத் திருத்தினார் என்று அந்தத் திரையில் தெரிவதை வீடியோவாகப் பதிவு செய்வதும் நல்லது.

எக்ஸெல் வடிவம் ஒன்று, சிஎஸ்வி (வெறும் எழுத்தாக உள்ள அட்டவணைக் கோப்பு) ஒன்று எடுக்கவும். சிஎஸ்வியில் நிறமும் குறிப்புகளும் போய்விடும். ஆனால் எந்தக் காலத்திலும் திறக்கும். ஃபார்ம் என்றால் பதில்களோடு கேள்வித்தாளையும் தனியாகச் சேமியுங்கள். எப்படிக் கேட்டார்கள் என்று தெரியாமல் பதிலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

வாட்ஸ்அப் குழுவைக் காப்பகத்தில் சேர்க்கலாமா?

தொழில்நுட்பமாக எளிது: குழுவைத் திறந்து ஏற்றுமதி கொடுத்தால் உரைக் கோப்பாக வரும், வேண்டுமென்றால் படங்களோடும் வரும். நீளமான குழுவில் பழைய பகுதி விடுபட வாய்ப்புண்டு. முதல் தேதியைச் சரிபாருங்கள். வாட்ஸ்அப் வழியாக வரும் படங்களில் எடுத்த இடம், நேரம் போன்ற உள்விவரங்கள் நீக்கப்பட்டுவிடும். மூலப்படம் எடுத்தவரிடம் இருந்தால் அதைக் கேட்டு வாங்குவது நல்லது.

சிக்கல் ஒப்புதலில்தான். ஒரு குழுவில் எழுதியவர்கள் அந்தக் குழுவுக்குத்தான் எழுதினார்கள். "அப்பாவுக்கு மூச்சு விட முடியவில்லை" என்று நள்ளிரவில் எழுதிய ஒருவர், அது ஒரு நாள் ஆராய்ச்சியாளர் கையில் போகும் என்று நினைத்திருக்க மாட்டார். அட்மின் சம்மதித்தார் என்பது எல்லோரும் சம்மதித்ததாக ஆகாது. முதலில் குழுவிலேயே விஷயத்தைச் சொல்லுங்கள்: எதற்காக, யாரிடம் இருக்கும், யார் பார்ப்பார்கள், எப்போது திறக்கும் என்று நாலே வரியில். வேண்டாம் என்பவரின் செய்திகளை எடுத்துவிடுங்கள். பதிலே சொல்லாதவர்களுடையதை என்ன செய்வது என்பதில் ஆளாளுக்கு ஒரு கருத்து உண்டு. என்னைக் கேட்டால், மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்கள் பெயர், எண், உடல்நல விவரம் மூன்றையும் மறைத்துவிட்டு, உரையாடலின் போக்கு புரிகிற அளவுக்கு மட்டும் வைக்கலாம். அப்படி மறைத்தபின் உரையாடலே புரியாமல் போனால் சேர்க்காமல் விடுவதே மேல்.

பெயரை அழித்தால் ஆள் மறைந்துவிட்டார் என்றும் நினைக்கக் கூடாது. சிறிய பகுதியில் "மூலை வீட்டு ஆசிரியை, இரட்டைக் குழந்தைகள்" என்றாலே யார் என்று எல்லோருக்கும் தெரியும். பெரிய நகரங்களை மனதில் வைத்து எழுதிய வழிகாட்டிகள் இதைச் சொல்வதில்லை.

பொதுவில் போட்டதுதானே, அதற்கும் அனுமதி வேண்டுமா?

அமைப்புகளும் அதிகாரிகளும் போட்டதற்கு வேண்டியதில்லை. தனிமனிதர் தன் நோயையோ குடும்பச் சாவையோ பற்றி எழுதியதற்குக் கேட்பது மரியாதை. பல நாடுகளின் தரவுப் பாதுகாப்புச் சட்டங்களில் உடல்நலத் தகவலுக்குத் தனிக் கட்டுப்பாடும் உண்டு. உங்கள் நாட்டுச் சட்டத்தில் காப்பகங்களுக்கு விலக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் ஆராய்ச்சியாளர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். ட்விட்டர் விதிகளின்படி அவர்கள் ஒவ்வொரு ட்வீட்டுக்கும் உள்ள அடையாள எண்ணை மட்டும் பகிர்வார்கள். தேவைப்படுபவர் அந்த எண்களைக் கொடுத்து ட்விட்டரிடமிருந்தே உள்ளடக்கத்தைப் பெற்றுக்கொள்வார். எழுதியவர் இடையில் அழித்திருந்தால் அது வராது, அவர் விருப்பம் காக்கப்படும். நல்ல ஏற்பாடு. ஆனால் 2023-ல் ட்விட்டர் இப்படி உள்ளடக்கத்தைப் பெறும் இலவச அணுகலை நிறுத்தியதும், பெருந்தொற்றுக் காலத்தில் சேர்த்த பெரிய பெரிய எண் பட்டியல்கள் பெரும்பாலானோருக்குப் பயனற்றுப் போயின. எண்ணை மட்டும் வைத்திருந்தவர்களிடம் இப்போது எண் மட்டும்தான் இருக்கிறது. உள்ளடக்கத்தையே எடுத்துப் பூட்டி வையுங்கள். அழிக்கச் சொன்னால் அழியுங்கள்.

வதந்தி, தவறான மருத்துவக் குறிப்பு இவற்றையும் வைப்பதா?

வையுங்கள். மக்கள் எதை நம்பினார்கள், எதற்குப் பயந்தார்கள் என்பது அதில்தான் தெரியும். ஆனால் தனியாக எடுத்துப் பகிர முடியாதபடி, இது தவறான தகவல், எப்போது எங்கே பரவியது, யார் எப்படி மறுத்தார்கள் என்ற குறிப்போடு. மறுப்பையும் சேர்த்து வைப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு சமூகத்தையோ ஒரு நோயாளியையோ குறிவைத்துப் பரப்பிய செய்தி என்றால் பொதுப் பார்வைக்கு வைக்க வேண்டாம்.

இறந்தவர்களைப் பற்றிய பதிவுகள்?

குடும்பத்தைக் கேளுங்கள். இரங்கல் பதிவின் கீழே மற்றவர்கள் எழுதியவை பல சமயம் அந்தப் பதிவை விடவும் மதிப்புள்ளவை. அவற்றையும் சேர்த்துப் பிடியுங்கள். இணைய வழி நடந்த இறுதிச் சடங்கின் பதிவு குடும்பத்தின் சொத்து. உங்களிடம் பிரதி இருந்தால் முதலில் அவர்களுக்கு ஒன்று கொடுங்கள்.

இப்போது போய் மக்களிடம் அனுபவம் கேட்டால் பயனுண்டா?

உண்டு, கேட்கிற விதத்தைப் பொறுத்து. "உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்றால் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: கஷ்டமாக இருந்தது, ஒருவருக்கொருவர் உதவினோம். பிரிட்டனில் 1937-ல் தொடங்கி, இடையில் நின்று, 1981-ல் மீண்டும் உயிர்பெற்ற மாஸ் அப்சர்வேஷன் என்ற திட்டம் சாதாரண மக்களை எழுத வைக்கிறது. மே 12 அன்று என்ன செய்தீர்கள் என்று ஒரு நாளை மட்டும் குறிப்பிட்டு நாட்குறிப்பு கேட்பது அவர்கள் வழக்கம். 2020 மே 12-க்கும் கேட்டார்கள். ஒரு நாள் என்று சொன்னதும் எழுந்த நேரம், கழுவிய பாத்திரம், வராத அழைப்பு என்று விவரங்கள் வந்துவிடும்.

நாள் இப்போது நினைவிருக்காது. அதனால் பொருளைக் காட்டிக் கேளுங்கள். அவர்கள் கைபேசியில் 2020, 2021 மாதங்களின் படங்களைத் திறந்து, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே பேசச் சொல்லுங்கள். நீங்கள் சேமித்த ஷீட்டின் ஒரு நாள் நிலையைக் காட்டி, "இந்த வரியை யார் நிரப்பினது?" என்று கேளுங்கள். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2020 மார்ச்சில் தொடங்கிய பெருந்தொற்றுக் காப்பகம் ஒன்று, பொதுமக்கள் தாங்களே படம், எழுத்து, ஒலி எதை வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று வைத்தது. வாய்மொழி வரலாறுகளையும் சேர்த்தது. ஏற்றுவது எளிதாக இருந்தால் மக்கள் தருவார்கள்.

இணையத்தில் எதுவும் எழுதாதவர்கள் விடுபட்டுப் போவார்களே?

போவார்கள். சுகாதாரப் பணியாளர்கள், தூய்மைப் பணியாளர்கள், வேலையிழந்து ஊர் திரும்பியவர்கள், தனியே இருந்த முதியவர்கள் ஆகியோர் மற்றவர் எழுதியதில் மட்டுமே வருவார்கள், அதுவும் பெரும்பாலும் பெயரில்லாமல். இவர்களை நேரில் பார்த்துக் குரல் பதிவு செய்வதைத் தவிர வேறு வழியில்லை. முடியாதென்றால், உங்கள் தொகுப்பின் முன்குறிப்பில் யார் இதில் இல்லை என்பதை வெளிப்படையாக எழுதுங்கள்.

கோப்புகளை எப்படிப் பெயரிட்டு வைப்பது?

தேதியை முன்னால் போடுங்கள், ஆண்டு-மாதம்-நாள் வரிசையில்: 2020-04-14 என்று. தானாகவே காலவரிசையில் அடுக்கிக்கொள்ளும். கூடவே ஒரு எக்ஸெல்: மூல முகவரி, எழுதப்பட்ட தேதி, நீங்கள் பிடித்த தேதி, பிடித்தவர், யாரிடமிருந்து வந்தது, ஒப்புதல் நிலை, இது என்ன என்று ஒரு வரி. எழுதிய தேதியும் பிடித்த தேதியும் வேறு வேறு. இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டுக் குழப்பாதீர்கள். சரி, இவ்வளவு நிரப்ப நேரமில்லை என்றால் அந்தக் கடைசி ஒரு வரியை மட்டுமாவது எழுதுங்கள். அதை எழுதக்கூடியவர் உங்களைத் தவிர யாரும் இல்லை.

எங்கே வைப்பது, எத்தனை பிரதி?

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். கணினி உலகில் பழகிப்போன கணக்கு இது. பென் டிரைவை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்புக் குறியீடு ஒன்றை உருவாக்கி வைத்தால், கோப்பு பழுதானதா, யாராவது கை வைத்தார்களா என்று பின்னாளில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இலவச மென்பொருள்கள் உண்டு. வருடத்துக்கு ஒரு முறையாவது எல்லாம் திறக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாவற்றையும் உடனே பொதுவில் வைக்க வேண்டுமா?

வேண்டாம். பாதுகாப்பது வேறு, திறந்து காட்டுவது வேறு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தனிநபர் விவரங்களை அமெரிக்கா 72 ஆண்டுகளும் பிரிட்டன் 100 ஆண்டுகளும் மூடியே வைக்கின்றன. அதனால் அவற்றின் மதிப்பு குறையவில்லை. பொது அறிவிப்புகளையும் அமைப்புகளின் பக்கங்களையும் இன்றே திறக்கலாம். ஷீட்டுகளை எண்ணிக்கையாகச் சுருக்கிக் கொடுக்கலாம். குழு உரையாடல்களுக்குத் திறக்கும் ஆண்டைக் கொடுத்தவர்களே சொல்லட்டும். எடுத்துவிடச் சொல்லி யாராவது கேட்டால் எங்கே எழுத வேண்டும் என்ற முகவரியும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கடைசியில் யாரிடம் ஒப்படைப்பது?

உங்கள் பகுதிப் பல்கலைக்கழக நூலகம், மாவட்ட அல்லது மாநிலக் காப்பகம், வரலாற்றுச் சங்கம் ஆகியவற்றைக் கேட்டுப் பாருங்கள். கொடுப்பதற்கு முன் அவர்களிடம் கேட்க வேண்டியவை: வார்க் கோப்பை வாங்குவார்களா, மூடிய பகுதியை மூடியபடியே வைப்பார்களா, பணம் நின்றால் தொகுப்பை யாரிடம் தருவார்கள். பதில் வாய்மொழியாக இல்லாமல் கடிதமாக வேண்டும். அந்தக் கடிதத்தில் ஒப்புதல் பட்டியலும் இணைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பொறுப்பாளர் மாறிய அன்றே யார் எதற்குச் சம்மதித்தார் என்பது தொலைந்துவிடும். ஒப்படைத்த பிறகும் ஒரு முழுப் பிரதியை உங்கள் குழுவிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அதன் பொறுப்பு யாருடையது என்று பெயர் குறிப்பிட்டு.